சோதனை ஆர்டரில் என் பெயர்

சென்ற வாரம் கிள்ளான் கடையின் புதுப்பித்த இணையப் பக்கத்தை நீங்கள் சோதித்துக்கொண்டிருந்தபோது, துக்கக் காரியப் பகுதியில் ஓர் ஆர்டர் வந்து விழுந்தது. எட்டாம் நாள் படையல், அறுபது பேர், மதியம் ஒரு மணி, பிரிக்பீல்ட்ஸ். கீழே குறிப்பு எழுதும் இடத்தில் என் முழுப்பெயர். அன்று நான் விடுப்பில் இருந்தேன். நீங்கள் பதறிப்போய் என் வீட்டுக்குப் போன் செய்தீர்கள். எடுத்த என் மனைவி, "உயிரோடதான் இருக்காரு. உக்காந்து ஒரு தட்டு மீ சாப்புட்டுக்கிட்டு இருக்காரு. பேசுறீங்களா?" என்று கேட்டாளாம். நீங்கள் வைத்துவிட்டீர்கள்.

மறுநாள் அலுவலகத்தில் ஒருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்கத் தயங்கியிருப்பீர்கள். தயக்கம் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும், அதனால் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசியோடு நான் விலகுகிறேன். பிரிவு விருந்தில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறீர்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பேச வேண்டியதை இப்படி எழுதித் தந்துவிடுகிறேன். அந்த ஆர்டரில் ஏன் என் பெயர் இருந்தது என்பதும் இதிலேயே வந்துவிடும்.

பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், என் படிப்பு முடிந்தது. முதலில் ஓர் அச்சகத்தில் அட்டைகளுக்கு எழுத்து அடித்தேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. கல்யாண அட்டை இருக்கும் மேசையில் கருமக்கிரியை அட்டையை வைக்க மாட்டார்கள். தவறி வைத்தவனைத் திட்ட மாட்டார்கள். பேசாமல் எடுத்து வேறு மேசைக்குக் கொண்டுபோவார்கள். பல வருடம் அந்த இரண்டு மேசைகளுக்கு நடுவில் வேலை செய்தேன். பிறகு கணினியில் பக்கம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டு இந்த அலுவலகத்துக்கு வந்தபோது, அந்த வழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அது தெரிய வந்த நாள்தான் நான் சொல்ல வந்தது.

கிள்ளான் அக்காவை நீங்கள் போனில் மட்டும் அறிவீர்கள். கூடாரம், மேசை, நாற்காலி, சாப்பாடு எல்லாம் அவருடைய கடையிலிருந்தே போகும். கல்யாணத்துக்கும் போகும், சாவு வீட்டுக்கும் போகும். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் இன்றுவரை கேட்டுக்கொண்டதில்லை.

நீங்கள் யாரும் இங்கே சேர்வதற்கு முன்னால், கடையில் மூன்று போன்களும் ஓயாமல் அடிக்கின்றன என்றுதான் அவர் இணையப் பக்கம் கேட்டு வந்தார். "பாக்க ஈஸியா இருக்கணும் அண்ணே. ஒரு தடவ வந்தவங்க மறுபடி வரணும். வேற ஒன்னும் எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அப்போதுதான் ஒரு நாள் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். வருகிறவரைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், வாழ்த்த வேண்டும், பிறகு ஒரு செய்தி அனுப்பி மறுபடி அழைக்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் செய்தேன். ஆர்டரை அனுப்பியதும் திரை முழுக்கக் கலர் காகிதத் துண்டுகள் பூப்போல விழும். கைகூப்பிய ஒரு பெண்ணின் படம் வரும். 'நன்றி! உங்கள் வீட்டு விசேஷம் இனிதே நடக்க வாழ்த்துகள். மீண்டும் வாருங்கள்!' என்று எழுத்து வரும். விசேஷம் முடிந்த மறுநாள், 'எப்படி இருந்தது? அடுத்த விசேஷத்துக்கும் எங்களையே அழையுங்கள்' என்று தானாக ஒரு செய்தி போகும்.

படிவத்தின் முதல் கேள்வி, 'என்ன விசேஷம்?' கீழே பட்டியல். கல்யாணம், நிச்சயம், காதுகுத்து, இருபத்தொன்றாம் பிறந்தநாள், புதுமனை. கடைசியில் கருமக்கிரியை என்று சேர்த்தபோது அக்கா திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"அத கல்யாணத்துக்குக் கீழ போடாதீங்க அண்ணே. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"சரிக்கா" என்று அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'மற்றவை' என்று போட்டேன். அப்படியானால் அதை எங்கே வைப்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். இன்னொரு கேள்வி கேட்டால் அவருக்குத் தொந்தரவாக இருக்குமோ என்று விட்டுவிட்டேன். கூச்சமுள்ளவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான். முதல் கேள்வியை எப்படியோ கேட்டுவிடுவோம். அடுத்ததைக் கேட்க மாட்டோம்.

பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால் எல்லோரும் சோதித்தோம். நம் முதலாளி தனக்கு ஐந்து முறை கல்யாண ஆர்டர் போட்டுப் பார்த்தார். கடையில் சமையல் பார்க்கும் ஆன்டி தன் பேத்திக்குக் காது குத்தினார். சோதனைக்காகக்கூட ஒருவரும் சாவு வீட்டுக்கு ஓர் ஆர்டர் போட்டுப் பார்க்கவில்லை. போடலாமே என்று எனக்குத் தோன்றியது. யார் வீட்டின் பெயரைப் போடுவது? நல்ல காரியம் தொடங்கும் நேரத்தில் அதை யார் வாயெடுத்துச் சொல்வது? கணினிக்கு முன்னால் கற்பூரம் காட்டி, பக்கத்தைத் திறந்துவிட்டோம்.

மூன்று வாரம் நன்றாகப் போனது. ஒரு நாள் காலை அக்கா போன் செய்தார். குரல் எப்போதும்போலவே இருந்தது.

"அண்ணே, நம்ம பேஜ்ல கலர் பேப்பர் விழுதே, அது எல்லாருக்கும் விழுமா?"

"ஆமாக்கா."

"துக்க வீட்டுக்கும்?"

நான் முதலாளியைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

நடந்தது இதுதான். பண்டமாரானில் ஓர் அம்மா இறந்துபோயிருந்தார். கணவர் துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். ஒரே மகள். அவள் எட்டாம் நாள் சாப்பாட்டுக்கு நம் பக்கத்தில் ஆர்டர் போட்டிருக்கிறாள். 'மற்றவை'யைத் தேர்ந்தெடுத்து, குறிப்பில் 'அம்மாவுக்கு எட்டு' என்று எழுதியிருக்கிறாள். அவள் அனுப்பியதும் திரையில் காகிதப் பூ கொட்டியது. வாழ்த்து வந்தது. மீண்டும் வாருங்கள் என்று வந்தது. அவள் அதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். காலைக்குள் அந்தப் படம் பண்டமாரானைத் தாண்டி அக்காவின் கைப்பேசிக்கே வந்துவிட்டது. கூடவே மகளிடமிருந்து ஒரு வரி: சாப்பாடு வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம். எட்டாம் நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது.

அக்காவுக்கு அந்தத் தொழிலில் இருந்தது பெயர் ஒன்றுதான். சாவு வீட்டைக் கேலி செய்த கடை என்று பெயராகிவிட்டால், கல்யாண வீட்டுக்காரர்களும் அந்தப் பக்கம் வர மாட்டார்கள். அது எனக்குப் புரிந்தது. அந்த மகள் அந்தத் திரையைப் பார்த்த நிமிடத்தையும் நினைத்துப் பார்த்தேன்.

நம் முதலாளி போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, "அக்கா, சைட்ட இப்பவே மூடிருவோம். கேட்டா சர்வர் பிரச்சினைன்னு சொல்லலாம். வைரஸ்னுகூட சொல்லலாம்லா, யாருக்குத் தெரியும்" என்றார்.

"வைரஸ் வாழ்த்து சொல்லுமா பாஸ்?" என்றார் அக்கா.

முதலாளி போனை என் பக்கம் தள்ளினார்.

"மூடாதீங்க. மூடுனா ஓடிட்டோம்னு அர்த்தம். அந்தப் பேப்பரையும் எழுத்தையும் மட்டும் எடுங்க. அப்புறம், இது மாதிரி இன்னும் யாருக்கெல்லாம் போயிருக்குன்னு பாருங்க. பாத்துட்டு அண்ணே நீங்க கிள்ளானுக்கு வாங்க."

அவசரத்தில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எல்லோருக்கும் கை போகும். என் கையும் அங்கேதான் போயிருந்தது. இன்னும் யாருக்குப் போயிருக்கிறது என்று முதல் ஐந்து நிமிடத்தில் கேட்ட ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

தேடியதில் இன்னொரு வீடு இருந்தது. காப்பாரில் ஒரு பெரியவர், தம்பியின் பதினாறாம் நாளுக்குப் போட்டிருந்தார். நான் கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் அக்கா அவரிடம் பேசிவிட்டார். "பாத்தேன்மா. எந்தம்பி இருந்திருந்தா சிரிச்சிருப்பான்" என்றாராம் அந்தப் பெரியவர். அதைச் சொல்லும்போது அக்கா சிரிக்கவில்லை. "அவரு நல்ல மனுஷன், விட்டுட்டாரு. அதுக்காக நாம விட்டுறக் கூடாது" என்றார்.

பந்தல் கம்பிகள் கலகலக்கும் வேனில் பண்டமாரானுக்குப் போனோம். வழியில் நான் என்ன பேச வேண்டும் என்று கேட்டேன். "ஒன்னும் பேச வேணாம். கூட நில்லுங்க போதும்" என்றார்.

வாசலில் அந்த மகள் நின்றாள். வேலைக்குப் போகும் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். அவளுடைய இருபத்தொன்றாம் பிறந்தநாள் சாப்பாடு அக்கா கடையிலிருந்துதான் போயிருந்தது. அன்று ஆர்டர் கொடுத்தவர் அந்த அம்மா.

"என்ன ஆன்டி, வாழ்த்து சொல்ல நேர்லயே வந்துட்டீங்களா?" என்று அக்காவைக் கேட்டாள்.

"தப்பு நடந்துபோச்சும்மா."

"யாரு பண்ணுனது?"

"என் கடை பண்ணுனது."

"கடைக்குக் கை இருக்கா ஆன்டி? யாரு டைப் பண்ணுனா?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் தலையைக் குனிந்திருப்பேன். திரும்பாததால்தான் எனக்கு வாய் வந்தது என்று நினைக்கிறேன்.

"நான்தாம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "உங்கம்மா இருக்காங்களா?"

"இல்ல."

"அவங்களுக்கு எட்டு படைச்சப்ப யாராச்சும் உங்க மேல பூ கொட்டுனாங்களா?"

அவள் குரல் உடைந்தது. "அம்மா செத்துட்டாங்கன்னு போன்ல சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லிச் சொல்லி முடியல. அதான் உங்க பேஜப் பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. யாருகிட்டயும் பேச வேணாம், தட்டி விட்டாப் போதும்னு நெனச்சேன்."

நானும் போனில் பேசப் பயப்படுகிறவன். பேசாமல் முடிய வேண்டும் என்றுதான் மனிதர்கள் ஒரு பக்கத்தைத் திறக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியப்போகிறது? அப்படி வந்தவள் மேல்தான் நான் அத்தனை சத்தத்தைக் கொட்டியிருந்தேன்.

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா, "விடும்மா. உள்ள வரட்டும்" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். அக்கா ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. சுவரில் மாலை போட்டிருந்த அம்மாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு என்னம்மா புடிக்கும்?" என்று கேட்டார்.

என் படிவத்தில் அந்த இடத்தில் ஏ, பி, சி என்று மூன்று மெனு இருந்தது.

மகள் பதில் சொல்ல மாட்டாள் என்று நினைத்தேன். அப்பாதான் முதலில் சொன்னார். "நாசி லெமாக். தேங்காப்பால் சோறுன்னா உயிரு. காலையில, மத்தியானம், எப்பக் குடுத்தாலும்."

"மொளகா சம்பல் தனியா இருக்கணும்" என்றாள் மகள். "சோத்து மேல ஊத்துனா தொட மாட்டாங்க. கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போவாங்க." சொல்லிவிட்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "நெத்திலி மொறுமொறுன்னு இருக்கணும் ஆன்டி" என்றும் சொன்னாள்.

"நாங்க பாத்துக்குறோம்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். எழுந்து வெளியே நடந்தார். நானும் எழுந்து, பழக்கத்தில் கைகூப்பி, போயிட்டு வரேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கடைசி நொடியில் விழுங்கிவிட்டேன். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வருகிறேன் என்று சொல்வதில்லை, வாருங்கள் என்று அவர்களும் சொல்வதில்லை. ஐம்பது வயதை நெருங்கியவனுக்கு இது தெரியாதா? தெரியும். அந்தப் பக்கத்தைச் செய்தபோது மட்டும் எங்கே போனது என்று வேனில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். ஒரு நாள் பயிற்சியில் கேட்டதற்காக, பிறந்ததிலிருந்து தெரிந்ததை மறந்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு நாள் நான் அக்கா கடையிலேயே இருந்தேன். கணினியைத் திறக்கவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து, வருகிறவர்களை அவர் எப்படி வரவேற்கிறார் என்று பார்த்தேன். கல்யாணக்காரர்கள் வந்தால் முன் மேசை. சத்தம், சிரிப்பு, தேத்தண்ணி. வேறு சிலர் வந்தால் அவரே எழுந்து பக்கவாட்டில் இருக்கும் சின்ன மேசைக்குப் போய்விடுவார். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே போய்விடுவார்.

"எப்படிக்கா தெரியுது?"

"கல்யாணத்துக்கு வர்றவங்க கும்பலா வருவாங்க அண்ணே. நேரா உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருவாங்க. இதுக்கு வர்றவங்க ஒருத்தரா வந்து வாசல்லயே நிப்பாங்க. உள்ள வரலாமான்னு அவங்களுக்கே சந்தேகம்."

சின்ன மேசையில் அவர் மூன்று கேள்விதான் கேட்பார். எந்த நாள், எத்தனை பேர், வீடு எங்கே. யார் என்று கேட்க மாட்டார். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார். பிறகு மெல்ல, என்ன பிடிக்கும் என்பார். கடைசியில் நாங்க பாத்துக்குறோம் என்பார். நன்றி சொல்ல மாட்டார். அந்த மேசைக்கு வந்தவர்கள் எத்தனையோ வருடமாக அவரிடமே வந்துகொண்டிருந்தார்கள். ஒருவரையும் அவர் மறுபடி வாருங்கள் என்று அழைத்ததில்லை. இணையப் பக்கத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடத்தை நான் எங்கும் பார்க்கவில்லை.

அந்த மேசையை அப்படியே பக்கமாகச் செய்தேன். முகப்பில் இரண்டு வாசல்: வீட்டு விசேஷம், துக்கக் காரியம். இரண்டாவதில் படம் இல்லை, கலர் இல்லை. மூன்று கேள்வி. என்ன பிடிக்கும் என்று ஒரு வரி. எங்களிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுத ஓர் இடம். அனுப்பியதும், 'கிடைத்தது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.' அதற்குப் பிறகு எந்தச் செய்தியும் போகாது.

முடித்ததும் சோதிக்க வேண்டியிருந்தது. கடையில் எல்லோரும் கணினியைச் சுற்றி நின்றோம். நான் விசைப்பலகையில் கை வைத்தேன். குறிப்பு எழுதும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. 'இன்னாருக்கு எட்டாம் நாள்' என்று எழுத வேண்டும். யாருக்கு? சமையல் ஆன்டி அடுப்பைப் பார்ப்பதுபோல நழுவினார்.

"எம் பேரப் போடுங்க அண்ணே" என்றார் அக்கா.

"ஏய், வாயக் கழுவு" என்று அடுப்படியிலிருந்து ஆன்டியின் குரல் வந்தது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது."

"போன தடவ யாரும் பேரு போடாமத்தான ஊரான் வீட்டுப் புள்ள மாட்டுச்சு. தள்ளுங்க அண்ணே." என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரே அடித்தார். தன் முழுப்பெயர். எட்டாம் நாள். எத்தனை பேர் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, "இருநூறு போடுறேன், நான் அவ்வளவு பேருக்குச் சோறு போட்டிருக்கேன், வராமலா போவாங்க" என்றார். என்ன பிடிக்கும் என்ற இடத்தில் மீகூன் என்று போட்டார். பிறகு ஆன்டியின் பக்கம் திரும்பி, "உப்பு கம்மியா போடு. உயிரோட இருக்கிறப்பதான் கேக்க மாட்டேங்கிற" என்றார்.

ஆன்டி கரண்டியோடு வந்து அவர் முதுகில் ஒன்று வைத்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

அனுப்பினோம். வெள்ளைத் திரையில் அந்த ஒரு வரி வந்தது. கிடைத்தது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அக்கா அதை வாய்விட்டுப் படித்தார். "ம். இது போதும்" என்றார். "இதப் பாத்தா எம் புள்ளைக்கு மனசு ஆறும்."

தன் சாவைத் தானே எழுதிப் பார்த்து, தன் பிள்ளையின் கண்ணால் அதைப் படித்த அந்த மனுஷியைவிடப் பெரிய வடிவமைப்பாளர் யாரையும் நான் என் வேலைக்காலத்தில் சந்திக்கவில்லை. அவருக்குக் கணினியில் சுட்டியை நேராக நகர்த்தவே வராது.

பண்டமாரான் வீட்டுக்கு எட்டாம் நாள் சாப்பாடு போனது. சம்பல் தனிக் கிண்ணத்தில் போனது. அந்த மகள் குழுவில் போட்ட படத்தை எடுத்தாளா, அதன் கீழே வேறு எதுவும் எழுதினாளா என்று எனக்குத் தெரியாது. அக்கா விசாரிக்கவில்லை, என்னையும் விசாரிக்க விடவில்லை. அந்த மாதம் ஆர்டர்கள் குறைந்தன. அடுத்த மாதமும் குறைவாகத்தான் இருந்தது. பிறகு மெல்லப் பழையபடி ஆனது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு காலையில் துக்கக் காரியப் பகுதியில் ஓர் ஆர்டர் வந்திருந்தது. வீடு எங்கே: பண்டமாரான். எத்தனை பேர்: நாற்பது. என்ன பிடிக்கும் என்ற இடத்தில், 'உங்களுக்குத் தெரியும்' என்று எழுதியிருந்தது. சொல்ல ஏதாவது என்ற இடத்தில், 'அம்மாவுக்கு முதல் வருஷம்.'

அக்காவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். வழக்கம்போல எனக்குக் கூச்சமாக இருந்தது. மறுமுனையில் அவர் ஆன்டியிடம் நெத்திலி வாங்கச் சொல்லும் சத்தம் கேட்டது.

அதிலிருந்து அந்தப் பக்கத்தை எப்போது மாற்றினாலும் ஒரு சோதனை ஆர்டர் போடுவேன். பெயர் என்னுடையதாக இருக்கும். இந்த முறை விடுப்பில் இருந்ததால் வீட்டிலிருந்து போட்டேன், உங்களிடம் சொல்ல மறந்துவிட்டேன். பயமுறுத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆர்டரை நீங்கள் அழித்துவிடலாம். அனுப்பியதும் வரும் வரியில் பிழை இல்லை, எழுத்தின் அளவு மட்டும் கைப்பேசியில் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது, பெரிதாக்கிவிடுங்கள். அடுத்த மாதம் நான் இருக்க மாட்டேன். அடுத்த முறை மாற்றும்போது குறிப்பு எழுதும் இடத்தில் உங்களில் யாருக்காவது கை நிற்கும். நின்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். உங்கள் பெயரை அடியுங்கள்.